கிளவுடுக்குப் போன சிவப்புக் கயிற்றுக் கட்டு

நம் சங்கத்தின் பழைய மினிட்ஸ் புத்தகங்களையும் போட்டோக்களையும் கடிதங்களையும் ஸ்கேன் செய்து கிளவுடில் வைக்கப் போகிறார்களாம். செயலாளர் கோபாலன் சார் போன மாதம் என்னைக் கூப்பிட்டார். "வேலு, நீ முப்பத்தாறு வருஷம் அந்த மாதிரி இடத்துல இருந்தவன். எந்தக் கம்பெனி நல்ல கம்பெனின்னு ஒரு வார்த்தை சொல்லிடு, முடிச்சிடலாம்" என்றார்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "எழுதித் தரேன் சார்" என்றேன். "எழுதினா இன்னும் நல்லது, சங்க மலர்லயே போட்டுடலாம்" என்றார். நான் பென்சிலில் எழுதியதை என் மகள் மீனா கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்திருக்கிறாள். எந்தக் கம்பெனி நல்லது என்பது இதில் இருக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அலிப்பூரில் ஒரு பழைய ஆராய்ச்சி நிலையத்தில் ஆவண அறை அட்டெண்டராக இருந்தேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் இறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன், அதோடு படிப்பு முடிந்தது. காளிகாட்டில் பூஜைச் சாமான் கடை ஒன்றில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவனை, கடைக்கு வரும் ஒருவர் அலிப்பூரில் சேர்த்துவிட்டார். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தூசி தட்டுவது, கட்டு கட்டுவது, வாசகர் எழுதித் தரும் சீட்டைப் பார்த்து அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது, திரும்ப வைப்பது. இவ்வளவுதான் வேலை. கட்டுகளில் லேபிள் ஒட்டி ஒட்டியே வங்காள எழுத்து வந்தது. தமிழ் எழுத்து விட்டுப்போகாமல் இருந்ததற்கு நம் சங்கத்து நூலகம் காரணம்.

ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் அறையில் காகிதக் கட்டுகளுக்கு இரண்டு விதமான கயிறு இருந்தது. வெள்ளைக் கயிறு கட்டியது, சீட்டு எழுதிக் கொடுத்த யாருக்கும் கொடுக்கலாம். சிவப்புக் கயிறு கட்டியது, கொடுத்த குடும்பம் சொன்ன காலம் வரை எந்த வாசகருக்கும் கொடுக்கக் கூடாது. நாங்கள் அவிழ்க்கலாம். பூச்சி பார்க்க, வேப்பிலை மாற்ற, அலமாரி மாற்ற அவிழ்ப்போம். வேலை முடிந்ததும் அதே கயிற்றால் கட்டிவிடுவோம்.

இந்த விதி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அறையின் பொறுப்பாளராக இருந்த நந்தி பாபு எழுத விடமாட்டார். ஒருமுறை நான் கேட்டேன். "ரெஜிஸ்டர் வாசகர் மேஜைக்குப் போகுது இல்லையா? 'இதைப் பார்க்கக் கூடாது'ன்னு அதுல எழுதி வச்சா, வர்றவன் முதல்ல அதைத்தான் கேப்பான். கயிறு அலமாரிக்குள்ள இருக்கு. அது நமக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. அவர் காலத்தில் ஒரு சிவப்புக் கட்டுகூட வெளியே போனதில்லை. யாராவது கேட்டால், "ரிப்பேருக்குப் போயிருக்கு, பூஜை கழிச்சு வாங்க" என்பார். எந்த வருஷத்துப் பூஜை என்று சொல்ல மாட்டார்.

நந்தி பாபு ஓய்வு பெற்றார், பிறகு காலமானார். என்னோடு இருந்த இன்னொரு அட்டெண்டரும் போய்விட்டார். கயிற்றின் நிறத்துக்கு அர்த்தம் தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை. எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு லைப்ரேரியனாக மல்லிகா மேடம் வந்தார். அவர் மாதிரி ஒரு அதிகாரியை நான் அதற்கு முன்போ பின்போ பார்த்ததில்லை. குரல் உயராது. தவறு நடந்தால் கண்ணாடியைக் கழற்றி ஃபைல் மேல் வைப்பார், அதுதான் அவருடைய கோபம். எதையும் முதலில் பென்சிலில் எழுதுவார். இரண்டு நாள் கழித்து அதே தாளை எடுத்துப் படித்துவிட்டு அழித்து எழுதுவார். அதன் பிறகுதான் பேனா. ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார். முதல் இரண்டு பதிலும் ஒத்துப் போனால் மூன்றாவதைக் கேட்காமல், வங்காளத்தில் சரி என்பதற்கு, "ஆச்சா" என்று சொல்லித் தலையசைப்பார். என்னைவிட வயதில் சிறியவர். வங்காளிகள் வழக்கப்படி என்னை 'வேலுதா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார், வாங்க போங்க என்றுதான் பேசுவார். அங்கே நடந்த பேச்செல்லாம் வங்காளத்தில்தான். தமிழில் எழுதுகிறேன்.

ஸ்கேன் செய்யும் வேலை அவர் வந்த பிறகு தொடங்கியது. மெஷினை எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு தாளாகக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, பெடலை அழுத்த வேண்டும். காலையில் ஆரம்பித்தால் மாலையில் இடது முழங்கால் பிடித்துக்கொள்ளும். வெள்ளைக் கட்டுகளைத்தான் செய்துகொண்டிருந்தேன். சிவப்பை யாரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

படங்கள் நிறைய சேர்ந்ததும் எங்கே வைப்பது என்ற பிரச்சினை வந்தது. எங்கள் கட்டடத்துக் கம்ப்யூட்டர் ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து நின்றுபோனது. வெளியே ஒரு கம்பெனியின் கிளவுடில் வைப்பது, அதை வாசகர்கள் வீட்டிலிருந்தே பார்ப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. மல்லிகா மேடம், கம்ப்யூட்டர் ஆலோசகராக அரிந்தம் என்றொருவர், நிலையத்தின் செயலாளர், மூன்று பேர் கமிட்டி. பல கம்பெனிகள் வந்து பேசிவிட்டுப் போயின. கடைசியில் மூன்று நின்றன. மூன்றும் ஒரு மாதம் இலவசமாக இடம் தருவதாகவும், ஒரே படங்களை மூன்றிலும் ஏற்றிப் பார்த்து முடிவு செய்வதாகவும் ஏற்பாடு.

மேடம் வழக்கம்போல் பென்சிலில் பதினாறு கேள்விகள் எழுதினார். வங்காள எழுத்தில் தேடினால் கிடைக்குமா? படங்கள் எந்த ஊரில் இருக்கும், எத்தனை பிரதி? ஒரு படம் கெட்டுப்போனால் கெட்டுப்போனது என்று தானாகத் தெரியுமா? நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போக நினைத்தால் நம் சாமானை நம்மிடம் முழுதாகத் திருப்பித் தருவார்களா, வாசகர்கள் குறித்து வைத்த முகவரி அப்போதும் வேலை செய்யுமா? அந்தத் தாளைக் கோபாலன் சாருக்கு நான் தனியாக எழுதித் தருகிறேன். எல்லாம் நல்ல கேள்விகள். ஆனால் கயிற்றைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. மேடத்துக்குக் கயிறு என்றால் கயிறுதான்.

"வேலுதா, சோதனைக்கு நாற்பது கட்டு வேணும். சுலபமானது வேண்டாம். எங்கே தடுமாறுதுன்னு பார்க்கணும், கஷ்டமானதா எடுங்க" என்றார்.

முப்பத்தொன்பது எடுத்தேன். மடித்த வரைபடங்கள், கரையான் தின்றவை, மஞ்சளாகிப் போன போட்டோக்கள். நாற்பதாவதாக எதை எடுப்பது என்று யோசித்தபோது ஒரு கட்டு நினைவுக்கு வந்தது. நீல நிற மெல்லிய காகிதத்தில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய கடிதங்கள். இந்தப் பக்க மை அந்தப் பக்கம் தெரியும். அந்த அறையில் அதைவிடக் கஷ்டமான காகிதம் கிடையாது. மேடம் பார்த்தால், "எங்கேருந்து பிடிச்சீங்க இதை" என்பார் என்று நினைத்தேன். அதைக் கேட்க ஆசைப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அதில் சிவப்புக் கயிறு இருந்தது. நான் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். சிவப்புக் கட்டை வாசகருக்குக் கொடுக்கக் கூடாது. நான் யாருக்கும் கொடுக்கவில்லை, யாரும் சீட்டு எழுதவில்லை. நம் அறையில், நம் மெஷினில், ஒரு சோதனை. வேப்பிலை மாற்றுவது மாதிரி இதுவும் ஒரு வேலை என்றுதான் மனதில் பட்டது. கயிற்றை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஒவ்வொரு தாளின் பின்னாலும் கறுப்பு அட்டை வைத்துப் பொறுமையாக எடுத்தேன். முடிந்ததும் பையிலிருந்த கயிற்றால் திரும்பக் கட்டி அலமாரியில் வைத்தேன். காகிதத்தின் மேல் கயிறு ஏறிவிட்டது. படத்துக்கு ஏது கயிறு?

மேடம் அந்தப் படங்களைப் பார்த்து, நான் நினைத்தபடியே சொன்னார். மூன்று கம்பெனிகளின் இடத்திலும் அரிந்தம் எல்லாவற்றையும் ஏற்றினார்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு பிற்பகல், பருத்திப் புடவையும் கைத்தடியுமாக ஒரு அம்மாள் லைப்ரேரியன் அறைக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர். லேக் கார்டன்ஸில் வீடு. நான் தள்ளுவண்டியோடு கதவருகில் நின்றிருந்தேன். அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இது எங்கப்பா கையெழுத்து. பெங்களூர்ல இருக்கிற என் தம்பி பேரன் எங்க குடும்பப் பேரைப் போட்டுத் தேடியிருக்கான், இது வந்திருக்கு. இது எப்படி ஊர் உலகத்துக்குப் போச்சு?"

மேடம் போனை எடுத்துப் பார்த்தார். ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார். "மாசிமா, நீங்க இதைக் கொடுத்தது பதிவாகியிருக்கு. பார்க்கக் கூடாதுன்னு எந்த நிபந்தனையும் இதுல இல்லையே" என்றார். பெரிய வயதுப் பெண்களை இங்கே எல்லோரும் மாசிமா என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த அம்மாள் ஒரு பழைய ரசீதை எடுத்து விரித்தார். கீழே நந்தி பாபு கையால் ஒரே வரி: சிவப்புக் கயிறு.

மேடத்துக்குப் புரியவில்லை. "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். அந்த அம்மாள், "உங்க ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தது. நீங்க என்னைக் கேக்கறீங்களா?" என்றார்.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வேறு ஆளும் இல்லை.

"யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு அர்த்தம் மேடம்" என்றேன்.

மேடம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கட்டு மேல இந்தக் கயிறு இருந்துதா?"

"இருந்துது."

"அப்புறம் எப்படி வேலுதா?"

"யாரும் சீட்டு எழுதலையே மேடம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி ஃபைல் மேல் வைத்தார்.

அந்த அம்மாள் என் பக்கம் பார்த்துப் பேசினார். "கேளு பாபா. எங்க அக்கா உயிரோட இருக்கா. எண்பத்துமூணு வயசு, என்கூடத்தான் இருக்கா. சின்ன வயசுல அவளுக்கு ஒண்ணு நடந்துது. அதுக்கு எங்கப்பா அவளைப் பத்தி என்னென்ன எழுதினார்னு அவளுக்குத் தெரியாது. அப்பா தன்மேல உயிரா இருந்தார்னு நினைச்சுட்டிருக்கா. அப்படியே நினைச்சுட்டுப் போகட்டும்னுதான் அதை வீட்ல வைக்காம இங்க கொண்டுவந்து கொடுத்தேன்."

"எரிச்சிருக்கலாமே மாசிமா" என்றார் மேடம், மெதுவாக.

"எரிக்கத்தான் அடுப்பு வரைக்கும் போனேன். அப்பா கையெழுத்தாச்சே. அடையாளமா வேற என்ன இருக்கு எங்ககிட்ட?"

அந்தக் கடிதங்களில் என்ன எழுதியிருந்தது என்று இங்கே நான் எழுதப் போவதில்லை. குடும்பத்தின் பெயரும் வேண்டாம்.

மேடம் அங்கேயே போன் செய்தார். மூன்றில் இரண்டு கம்பெனிகளின் சோதனை இடம் பாஸ்வேர்டுக்குள் இருந்தது. மூன்றாவது கம்பெனியில், நாம் மூடினால்தான் மூடும், இல்லாவிட்டால் எல்லோருக்கும் திறந்திருக்கும். மூட வேண்டும் என்று அரிந்தத்துக்குத் தோன்றவில்லை. ரெஜிஸ்டரில் தடை எதுவும் இல்லையே. அரை மணி நேரத்தில் அந்தப் பக்கம் எடுக்கப்பட்டது. அந்த அம்மாள் போனை வாங்கித் தட்டிப் பார்த்தார். "இதுல வரல" என்றார். பிறகு, "எங்க வீட்டுப் பசங்க நான் சொன்னா கேப்பாங்க. அவங்களை நான் பார்த்துக்கறேன். மத்தவங்களை யார் பார்த்துப்பாங்க?" என்றார்.

அந்த வாரம் நான் அலமாரி அலமாரியாகப் போய்ச் சிவப்புக் கட்டுகளைக் குறித்து மேடத்திடம் கொடுத்தேன். எந்தக் குடும்பம் என்ன காலம் சொன்னது என்பது பலவற்றுக்கு எனக்கே தெரியவில்லை. நந்தி பாபுவோடு அது போய்விட்டது. ஒவ்வொரு வீடாகக் கடிதம் எழுதிக் கேட்டோம். பாதிக் கடிதங்கள் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன.

கடைசிக் கூட்டத்துக்கு மூன்று கம்பெனி ஆட்களும் வந்திருந்தார்கள். மேடம் என்னையும் வரச் சொன்னார். நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை, சுவரோரம் நின்றேன். பதினாறு கேள்விகளும் முடிந்தன. அரிந்தத்துக்கு மூன்றாவது கம்பெனிதான் பிடித்திருந்தது. படங்கள் சட்டென்று திறக்கும், வங்காளத்தில் தேடினால் அதுதான் நன்றாகக் கிடைத்தது. செயலாளரும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தார். அப்போது மேடம், "வேலுதாவுக்கு ஒரு கேள்வி இருக்கு" என்றார்.

எனக்குக் கேள்வி இருப்பதாக நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அறை முழுக்க என்னைப் பார்த்தது. கையில் வைத்திருந்த ஒரு சிவப்புக் கட்டை மேஜை மேல் வைத்தேன்.

"இதைப் பார்த்தா கொடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். உங்க இடத்துல இதை எப்படிக் கட்டுவீங்க?"

முதல் கம்பெனிக்காரர், ஒரு முழுத் தொகுப்பையும் மூடலாம், ஒரு கட்டை மட்டும் மூட முடியாது என்றார். இரண்டாவது கம்பெனியிலிருந்து வந்தவர் ஒரு பெண். அவர் லாப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஒரு தாளை மட்டும்கூட மூடலாம். எந்தத் தேதி வரை என்று குறிக்கலாம். எதை ஏற்றினாலும் முதலில் மூடியே இருக்கும், ஒருவர் கை வைத்துத் திறந்தால்தான் திறக்கும். யார் திறந்தார், எப்போது திறந்தார் என்று பெயரோடு எழுதிக்கொள்ளும்.

"நான் திறந்தாலும் எழுதுமா?" என்று கேட்டேன்.

"உங்க பேர்தான் முதல்ல வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பல நாளுக்குப் பிறகு.

மூன்றாவது கம்பெனிப் பையன் நல்ல பையன். தங்களுடையதிலும் ஒவ்வொன்றாக மூடலாம், இனிமேல் எல்லாமே மூடியே இருக்கும்படி வைத்துத் தருகிறோம் என்றான். நான் இன்னொன்று கேட்டேன். "அன்னைக்கு எடுத்தீங்களே, அது எல்லா இடத்துலேருந்தும் போயிடுச்சா?"

"போயிடுச்சு சார்" என்றான். அந்தக் கட்டடத்தில் என்னை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவன். பிறகு மேடத்தைப் பார்த்துவிட்டு, "பேக்கப்ல இருக்கிறது தானா அழியச் சில மாசம் ஆகும். தேடற கம்பெனிகள் எடுத்து வச்சிருந்தா அதுக்குத் தனியா எழுதணும். நடுவுல யாராவது இறக்கி வச்சிருந்தா..." என்று நிறுத்தினான். முடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மேடம் அன்று பென்சிலை எடுக்கவில்லை. நேராகப் பேனாவில் இரண்டாவது கம்பெனியின் பெயரை எழுதினார். தேடுவதில் அது கொஞ்சம் மந்தம், இன்றும் அப்படித்தான் என்று கேள்வி. நடந்த தவறைப் பற்றிய குறிப்பில், 'சேகரிப்பின் நிபந்தனைகளை ஊழியர்களிடம் கேட்டு அறியாதது லைப்ரேரியனின் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயர் அதில் இல்லை. நான் போய், "மேடம், நான்தானே" என்றேன். "நான் உங்ககிட்ட பதினாறு கேள்வியில ஒண்ணையாவது கேட்டேனா? போங்க, முழங்காலுக்கு மருந்து போடுங்க" என்றார். அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு அந்த வருஷம் வரவில்லை. அதற்கு இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

அழித்துவிட்டோம் என்று மூன்றாவது கம்பெனி ஒரு கடிதம் அனுப்பியது. தபாலில் போட வேண்டாம், நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று மேடம் என்னிடம் கொடுத்தார். காளிகாட்டில் மெட்ரோ ஏறி ரவீந்திர சரோவரில் இறங்கி, லேக் கார்டன்ஸுக்கு நடந்தேன். ஆட்டோ கிடைத்தும் ஏறவில்லை. சீக்கிரம் போய்ச் சேர மனம் வரவில்லை.

கதவைத் திறந்தவர் பெரியவர். அந்த அக்கா. சின்ன உருவம், வெள்ளைத் தலை, மூக்கில் கண்ணாடி நழுவிக்கொண்டிருந்தது.

"லைப்ரரியிலேருந்தா? வா, உட்காரு. அவ குளிச்சிட்டிருக்கா. நீ பேசற வங்காளம் வேற மாதிரி இருக்கே, எந்த ஊர்?"

"பூர்வீகம் மதுரைப் பக்கம் மாசிமா. பிறந்தது இங்கதான்."

"அப்போ எங்க ஆளு. மீன் சாப்பிடுவியா?"

"சாப்பிடுவேன்."

"அப்போ நிச்சயமா எங்க ஆளு" என்று சொல்லி ஒரு தட்டில் சந்தேஷ் இனிப்பு இரண்டு கொண்டுவந்து வைத்தார். கூடத்துச் சுவரில் மாலை போட்ட ஒரு படம். "எங்கப்பா" என்றார். "ரொம்பக் கண்டிப்பு. ஆனா என்னைத்தான் பக்கத்துல வச்சுச் சாப்பிடுவார்." என் கையிலிருந்த உறையைப் பார்த்து, "அது என்ன?" என்றார். "ஆபீஸ் காகிதம்" என்றேன்.

தங்கை வந்தார். உறையை வாங்கிக்கொண்டு என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கடிதத்தைப் படித்தார். மடித்தார்.

"போயிடுச்சா?"

"அழிச்சுட்டோம்னு எழுதியிருக்காங்க மாசிமா."

"அதைப் படிச்சேன். உன்னைக் கேக்கறேன்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கும். எனக்கும்தான். "தெரியல மாசிமா" என்றேன்.

அவர் கடிதத்தைத் திரும்ப உறைக்குள் போட்டார். "உங்க செயலாளர் போன்ல போயிடுச்சுன்னார். உங்க மேடம் ஏறக்குறைய போயிடுச்சுன்னாங்க. நீதான் தெரியலன்னு சொல்றே. சரி, அப்போ நீ பாரு. வாரா வாரம் பாரு. எனக்கு இந்தப் போன்ல தேட வராது, தேடினா ஏதாவது வந்துடுமோன்னு பயமாவும் இருக்கு. நீ பார்த்து, ஒண்ணும் இல்லன்னா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. ஒரு தடவை அடிச்சு வச்சுடு. நான் எடுக்க மாட்டேன்."

"ஏதாவது இருந்தா?"

"இருந்தா ரெண்டு தடவை அடி. எடுக்கறேன்."

மீனாவிடம் போனில் வங்காள எழுத்து வரச் செய்யச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள், ஆபீஸ் வேலை என்றேன். சனிக்கிழமை காலை டீ குடித்துவிட்டு அந்தக் குடும்பப் பெயரை அடிப்பேன். வருவதையெல்லாம் கீழே வரை தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். அதே பெயரில் ஒரு டாக்டர் இருக்கிறார், ஒரு மிட்டாய்க் கடை இருக்கிறது. அவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போயிற்று. கடிதம் வந்ததில்லை. ஒரு தடவை அடித்து வைத்துவிடுவேன். இரண்டு நிமிஷத்தில் அங்கிருந்து ஒரு தடவை அடிக்கும், கேட்டாயிற்று என்று. இரண்டு வருஷம் இப்படிப் போனது. போன வருஷம் ஓய்வு பெற்றேன். சனிக்கிழமை வேலை மட்டும் ஓய்வு பெறவில்லை.

இந்த வருஷம் குளிர் முடிகிற சமயத்தில் ஒரு சனிக்கிழமை நான் அடித்தேன். திரும்ப அடிக்கவில்லை. அடுத்த வாரமும் அடிக்கவில்லை. மூன்றாவது வாரம் நான் அடித்து வைத்த உடனே அந்த நம்பரிலிருந்து போன் வந்தது, நிற்காமல் அடித்தது. எடுத்தேன்.

"யாரு, லைப்ரரி பாபுவா?" பெரியவரின் குரல். "இதுல லைப்ரரி பாபுன்னுதான் பேர் வருது. என் தங்கச்சி இல்லப்பா இப்போ. மூணு வாரம் ஆச்சு."

அவரே பேசினார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு மணி அடிச்சு நிக்கும். 'அப்பாடா'ன்னு சொல்லிட்டு டீ போடப் போவா. என்னடின்னு கேட்டா, 'எல்லாம் சரியா இருக்குன்னு லைப்ரரிலேருந்து சொல்றாங்க'ன்னுவா. என்னது சரியா இருக்கு?"

"உங்க வீட்லேருந்து கொடுத்த காகிதம், மாசிமா."

"அப்பாவோடதா?"

"ஆமா."

"பத்திரமா இருக்கா?"

"இருக்கு" என்றேன். அலமாரியில் இருக்கிறது. சிவப்புக் கயிறு இருக்கிறது. கிளவுடிலும் இப்போது பூட்டு இருக்கிறது, யார் தொட்டாலும் பெயர் விழும். நான் சொன்னது பொய் இல்லை.

"அப்போ நிறுத்தாதே. வாராவாரம் அடி. நான் எடுக்க மாட்டேன், செலவு வேண்டாம். அடிச்சா நல்லா இருக்கு" என்றார்.

நம் காகிதத்திலும் காட்டக் கூடாதது இருக்கும் என்று கோபாலன் சாரிடம் நான் முதலில் சொன்னபோது, "நம்ம சங்கத்துல என்ன பெரிய ரகசியம் வேலு? பொங்கல் விழாவுல யார் பாடக் கூடாதுன்னு தீர்மானம் போட்டோமே, அது ஒண்ணுதானே" என்று கேலி செய்தார். இருக்கலாம். ஆனால் சங்கத்துப் பீரோவில் கடிதக் கட்டுகளும் இருக்கின்றன. கல்யாணம் நின்றுபோன வீட்டுக் கடிதம் இருக்கிறது, கமிட்டியிடம் உதவி கேட்டு எழுதியவர்களின் கடிதம் இருக்கிறது. எழுதியவர்கள் சிலர் இன்றும் முன் வரிசையில் உட்காருகிறார்கள். கம்பெனியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் சார். முதலில் ஒரு நாள் பீரோவைத் திறந்து, ஒவ்வொரு கட்டையும் யாருக்குக் காட்டக் கூடாது என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும். நான் வருகிறேன். சனிக்கிழமை காலை மட்டும் வேண்டாம்.

இந்தச் சனிக்கிழமையும் பார்த்தேன். டாக்டர் இருந்தார், மிட்டாய்க் கடை இருந்தது. ஒரு தடவை அடித்து வைத்தேன். கொஞ்சம் தாமதமாக, போனில் சரியான இடத்தை அழுத்தத் தெரியாதவர்கள் அடிப்பது போல, அங்கிருந்து ஒரு தடவை அடித்து நின்றது.